பறவை வீட்டின் பின்சுவரில் சைரன்

குளுவாங் நகருக்கு வெளியே, அணைக்குக் கீழே, கம்பம் என்று நாங்கள் சொல்லும் ஆற்றோரச் சிற்றூரில் எங்கள் வீடு. எங்கள் குழாயில் வருவது அந்த அணையின் தண்ணீர்தான். மழைக்காலத்தில் ஆற்றை அடக்கி வைப்பதும் அதுதான். நிரம்பிவிட்டால் மதகைத் திறப்பார்கள். அதற்கு முன்பு சைரன் ஊதும். உடனே மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுவோம்.

கம்பத்துப் பணக்காரர் ஒருவர், சூப்புக்கு நல்ல விலைபோகும் கூட்டை எடுத்து விற்பதற்காகக் குருவி வளர்க்கும் மாடிக் கட்டடம் கட்டினார். சோதனைக்கு ஊதும் சைரனில் குருவிகள் மிரண்டு ஓடுவதாகப் புகார் மேல் புகார் கொடுத்து, அணை அதிகாரியைச் சரிக்கட்டி அந்தச் சைரனையே கழற்ற வைத்தார். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஆண்டு மழையில் என் கணவர் ஆற்றோரம் கட்டியிருந்த மாடுகளை அவிழ்க்கப் போனார். சத்தமே இல்லாமல் மதகு திறந்தது. மாடுகள் அத்தனையும் போயின. மிதந்து வந்த மரக்கட்டை அவரைச் செம்பனை மரத்தோடு சேர்த்து நசுக்கியது. உயிர் தப்பினார், வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பணக்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்.

"மழை நேரத்துல ஆத்துப் பக்கம் யாராச்சும் போவாங்களாம்மா? கவனமா இருக்கணும்லா" என்றார்.

பழப் பையை அவர் கண்ணெதிரிலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

சைரனை மறுபடி வைக்கச் சொல்லி, வேலை முடிந்த கையோடு தொழிற்சாலைச் சட்டையிலேயே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். கடைசியில் புதிய அதிகாரி ஒருவர் வந்து, எங்கே வைக்கலாம் என்று மலாய் மொழியில் கேட்டார். பள்ளித் திடல்தான் வசதியான இடம். நான் குருவிக் கட்டடத்தின் பின்சுவரைக் காட்டினேன்.

முதல் சோதனையன்று கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். சைரன் அலறியது. குருவிகள் கும்பலாக வெளியேறின.

"போதும், வா போலாம்" என்றார் கணவர்.

"இருங்க. முழுசா முடியட்டும்."

சில மாதங்களில் அந்தப் பணக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, நீ சொன்னா எடத்த மாத்துவாங்க. பாதிக் குருவி போயிருச்சு."

"மீதியும் போகட்டும் அண்ணே" என்று கதவைச் சாத்தினேன்.

பிறகு கட்டடத்தை விற்றுவிட்டுத் தெப்ராவ் ஊர்ப் பக்கம் போய்விட்டார். போன மழையில் சைரன் ஊதியது. எல்லாரும் நேரத்தோடு மேடேறினோம். கம்பத்தையே காப்பாற்றிவிட்டதாக என்னைப் பாராட்டினார்கள். எனக்கென்னவோ, அவர் அவ்வளவு சீக்கிரம் போயிருக்கக் கூடாது என்றுதான் இருந்தது. அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்ச காலம் அவர் கேட்டிருக்க வேண்டும்.