எதிராளி வாய் திறக்கும் முன்

அலுவலகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கதவுக் கீல்களும் தாழ்ப்பாள்களும் செய்கிற அந்தக் கம்பெனியின் கொள்முதல் பிரிவில், அவள் உட்காரும் மூலையிலிருந்து சத்தம் வரவில்லை என்றால் அன்றைக்கு அவள் லீவு என்று அர்த்தம். போனில் பேசுவாள், கணினியோடு பேசுவாள், ஆளே கிடைக்காவிட்டால் ஸ்டேப்ளரைத் திட்டுவாள். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் ஜூனியர்கள் 'ரேடியோக்கா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளும் பழகிவிட்டாள்.

அவளிடம் இருந்த ஒரு பலவீனம் அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் அவளுக்குத் தாங்காது. தகடு விற்கும் வியாபாரி போனில் கொஞ்ச நேரம் மூச்சுவிடும் சத்தத்தை மட்டும் கேட்க வைப்பார். அவ்வளவுதான், "சரிங்க, அடுத்த வாரமே அனுப்புங்க, பரவாயில்லை" என்று இவளே இறங்கி வந்துவிடுவாள். வியாபாரி தாமதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். போனை வைத்த பிறகு, அந்த ஆள் ரொம்பக் கெட்டிக்காரர் என்று பக்கத்து மேஜையில் புலம்புவாள்.

கம்பெனி வெளிநாட்டில் ஒரு கொள்முதல் அலுவலகம் திறந்தது. இரண்டு வருஷம் அங்கே இருக்க ஆள் வேண்டும். மேனேஜர் அவள் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார்: பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று நடக்கிறது, வெவ்வேறு நாட்டு மனிதர்களோடு பேரம் பேசுவது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள், அதை முடித்துவிட்டு வர வேண்டும். வீட்டில் வகுப்பைப் பற்றி மட்டும் சொன்னாள். வேலையைப் பற்றிச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்பு, மகள் ஒன்றாம் வகுப்பு படித்தபோது, தலைமை அலுவலகத்தில் ஒரு பதவி வந்தது. வேறு ஊர். சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் நீர் வாரியத்தில் குழாய்ப் பாதைகளின் வரைபடம் வரைகிறவர். பென்சிலுக்குக் கொடுக்கிற வேலையை வாய்க்குக் கொடுக்காத மனிதர். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை சின்னது என்றாள் இவள். உங்களுக்கும் கஷ்டம் என்றாள். அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று யாரோ சொன்னதாகவும் சொன்னாள். கை கழுவப் போவதற்குள் பதவி கைவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு அக்கா தங்கைகள் எப்போது கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "அவர் விடலை." அவர் காது படவே சொல்லியிருக்கிறாள். அவர் மறுத்ததில்லை, அதனால் அது உண்மை என்றே நிலைத்துவிட்டது.

வகுப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. மகளைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நடுவில் முதல் வரிசையில் உட்கார்ந்து கொண்டாள். சில ஊர்களில் குடும்ப நலம் விசாரிக்காமல் விலை பேசினால் மரியாதைக் குறைவு, சில ஊர்களில் குடும்பத்தைப் பற்றிக் கேட்பதே மரியாதைக் குறைவு. 'பார்க்கலாம்' என்றால் ஓரிடத்தில் நம்பிக்கை, இன்னோரிடத்தில் கதவடைப்பு. இதையெல்லாம் மனப்பாடம் செய்து எதிரில் இருப்பவர் நெற்றியில் ஒட்டிவிடாதீர்கள் என்று பேராசிரியை அடிக்கடி எச்சரித்தார். ரேடியோ தலையாட்டிவிட்டு மனப்பாடம் செய்தாள்.

கடைசிப் பயிற்சியில் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். இவள் கிடங்கின் சொந்தக்காரி, எதிரில் இருப்பவன் அதை வாடகைக்குக் கேட்டு வந்தவன். பனி கொட்டும் நாட்டிலிருந்து படிக்க வந்த நெட்டையன். நாற்காலியில் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கி வைத்திருந்தான். இவள் வாடகையைச் சொன்னாள். அவன் பேனா மூடியைக் கட்டைவிரலால் அழுத்தியபடி ஜன்னலைப் பார்த்தான்.

அவளுக்கு வியர்த்தது. வாடகையைக் குறைத்தாள். அவன் இப்போது மேஜையைப் பார்த்தான். சுவருக்கு வெள்ளையடித்துத் தருகிறேன் என்றாள். வண்டி நிறுத்த இடம் சும்மா தருகிறேன் என்றாள். முன்பணம்கூட வேண்டாம் என்று சொல்லி முடித்தபோது பேராசிரியை அவர்கள் மேஜைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

நெட்டையன் மெதுவாகத்தான் பேசினான். எதிராளி சொல்லி முடித்ததுமே பதில் சொன்னால், காது கொடுத்துக் கேட்கவில்லை என்று அவன் ஊரில் நினைத்துக்கொள்வார்களாம். அதனால் யோசித்துக்கொண்டிருந்தானாம். முதலில் சொன்ன வாடகைக்கே சம்மதம் சொல்லத்தான் இருந்தானாம். வகுப்பு சிரித்தது. அவன் மட்டும் சிரிக்காமல் மன்னிப்புக் கேட்டான்.

"அவர் உங்ககிட்ட எதுவுமே கேக்கலை," என்றார் பேராசிரியை. "உங்களோட நீங்களே பேரம் பேசித் தோத்துட்டீங்க."

சான்றிதழ் என்னவோ கிடைத்துவிட்டது. மேனேஜர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகள் வெளியே போயிருந்தாள். ரேடியோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷம் வெளிநாட்டு ஆபீஸ்ல வேலை. நான் போகணும்னு இருக்கேன். நாளைக்குப் பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரில் போனது, கையில் போனது, அதே கையில் மறுபடியும் போனது. ஒரு வருஷம் போதுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்ற வார்த்தை நுனிநாக்குக்கு வந்தது. விழுங்கினாள். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்பதும் வந்தது. அதை விழுங்க நெடுநேரம் பிடித்தது. நெட்டையன் மாதிரி ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் சுவிட்சை அணைத்தார்.

"போயிட்டு வா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "போன தடவையும் அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீயே வேணாம்னு முடிச்சுட்டே. உனக்கே இஷ்டமில்லைன்னு நெனச்சுக்கிட்டேன்."

அது உண்மையாக இருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து யாரும் சுலபமாகச் சொல்லிவிடக்கூடியதாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கும் வழியை வகுப்பில் சொல்லித் தரவில்லை. அக்கா தங்கைகளிடம் சொன்ன 'அவர் விடலை'கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த முகமும் வந்தது. அவளுக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏதாவது சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. நடிப்பில்லை, நிஜமாகவே வரவில்லை.

இது அவருக்கு எப்படித் தெரியும்? அவள் பேசாமல் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. சட்டையை மடித்தார், பிரித்தார்.

"ராத்திரிச் சமையல் நான் பாத்துக்கறேன்," என்றார். அவள் பேசவில்லை. "பகலுக்கும் நானே பண்ணிடறேன். உங்க அம்மாவை செக்கப்புக்கு நானே கூட்டிட்டுப் போறேன்." அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கழுத்தில் வியர்வை தெரிந்தது. "மாடித் தொட்டியைக்கூடக் கழுவிடறேன். இந்த வாரமே. வேணும்னா மூணு வருஷம்கூட இருந்துட்டு வா."

அவர் எங்கே நிற்கிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் வாழ்நாள் முழுக்க நின்றவள் அவள். 'போதும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார். பாவமாகத்தான் இருந்தது.

"வண்டிச் சாவியைக்கூட..." என்று ஆரம்பித்தார் அவர். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.