ஊறுகாய் பாட்டிலில் ஓர் அணை

என் மேசையில் ஓர் ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. மேலே தெளிந்த தண்ணீர்; அடியில் ஒரு விரற்கடை செம்மண். கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அதை ஏதோ தீர்த்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. பொறியாளர்களின் அறிக்கைகளுக்கு நடை திருத்திப் பிழைக்கிறவனுக்கு வேறு எதில் மரியாதை கிடைக்கப்போகிறது?

பாட்டில் தீதியுடையது. பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மண் பொறியாளர், என் வயதுதான். ஆனாலும் பியூன் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. ஒரு கோடையில், மழை தொடங்குமுன், புருலியா பக்கம் ஒரு தனியார் மண் அணையைப் பார்க்கப் போனோம். அலிப்பூர்ப் பணக்காரர் ஒருவர் தம் தோட்டத்துக்காகக் கட்டியது. மூன்று ஆள் உயரம் இருக்கும். அதன் கீழே, கூப்பிடு தூரத்தில், ஒரு சிற்றூர்.

உரிமையாளர் அன்பானவர். அந்த அன்புதான் வினை. நிழலுக்கென்று அணையின் முதுகில் மரம் நட்டிருந்தார். வேர் போன வழியே தண்ணீரும் போகும் என்று யாரும் சொல்லவில்லை போலும். மிகுதி வெள்ளம் வழிந்தோட வேண்டிய கலிங்கை மூங்கில் தட்டியாலும் வலையாலும் அடைத்திருந்தார். மழையில் கத்லா மீன் தப்பிப் போய்விடக் கூடாதாம். வலையில் குப்பை சேர்ந்தால் வெள்ளம் அணைக்கு மேலேறும், மண் அணை அதைத் தாங்காது என்று தீதி வங்காளத்தில் விளக்கினார். ஆனால் மீனை விடுவதைவிட ஊரைக் காலி செய்யச் சொல்வது உரிமையாளருக்கு எளிதாகப் பட்டிருக்கும்.

மதியம் அதே கத்லாவில் குழம்பு. நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். தீதி சாப்பாட்டுப் பையிலிருந்த காலி ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக்கொண்டு அணையின் அடிவாரத்துக்கு இறங்கினார். கசிகிற தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"தெளிவா வந்தா அணைக்கு வேர்க்குதுன்னு விட்டுடலாம். இது கலங்கி வருது. உள்ளே அரிக்குது."

எங்கள் மேலாளர், அவரும் தமிழர், வாடிக்கையாளரை இழக்க விரும்பவில்லை. என்னைக் கூப்பிட்டார். 'பொதுவாகத் திருப்திகரம்' என்ற தொடரை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் என்னைப்போல் அதை நளினமாகக் கையாண்டவர் இல்லை. எழுதிக் கொடுத்தேன். தீதி கையெழுத்துப் போட மறுத்து, பாட்டிலை மேலாளர் மேசையில் வைத்தார். இரண்டு நாளில் மண் படிந்திருந்தது. தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்று அவர் சிரித்தார். தீதி பாட்டிலை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"அடியில கிடக்கறது வெறும் மண்ணில்ல சார், அணை. கொஞ்சம் கொஞ்சமா கிளம்பி வந்துட்டிருக்கு. கையெழுத்து வேணும்னா, அந்த ஊர்ல ஒரு மழைக்காலம் குடியிருந்துட்டு நீங்களே போடுங்க."

அன்றே தன் பெயரில் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். மழைக்கு முன் அங்கிருந்து வந்தவர்கள் வலையை அறுத்தார்கள், நீர்மட்டத்தை இறக்கினார்கள், தண்ணீர் போனாலும் மண் போகாதபடி கசிவில் மணலும் சரளையும் அடுக்கினார்கள். தீதிக்கு வேலை போயிற்று. அணை நிற்கிறது. நிற்பதால்தான் உரிமையாளர் இன்றும் சொல்லித் திரிகிறார்: அந்த அம்மாள் சும்மா பயமுறுத்தினாள், போனது என் மீன்தான் என்று.

வேலையை விட்டுப் போகிற அன்று தீதி பாட்டிலை என் மேசையில் வைத்தார். என் எழுத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுவே சுருக்கமானது.

இன்று காலை வேறோர் அணையின் அறிக்கை வந்தது. களக் குறிப்பில் 'கசிவு கலங்கல்' என்றிருந்தது. புதிய மேலாளர் அதை அடித்து, ஓரத்தில் பென்சிலால் 'பொதுவாகத் திருப்திகரம்' என்று எழுதி, மெருகேற்றித் தரச் சொல்லியிருந்தார். நான் அந்தத் தொடரை அழித்தேன். கசிவு கலங்கல் என்று மறுபடி எழுதி, கீழே என் பெயரை முழுதாகப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மேலாளர் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடட்டும். பாட்டிலைக் குலுக்கிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவேன்.