எமில்டா வாசல்

நெத்திலியை வெயிலில் விரிக்கும்போது எமில்டா ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடுவாள். மைதானத்தின் வடக்குக் கோல் கம்பங்களுக்கு நடுவே, முன்னால் இருக்கிற பள்ளம் அது. பெரிய பள்ளம் ஒன்றுமில்லை. ஓர் ஆள் வருஷக்கணக்காக நின்று, தாவி, விழுந்து, எழுந்து தேய்த்த பள்ளம். சுற்றிலும் மீன் வெள்ளி மாதிரி கிடக்கும். அந்த இடம் மட்டும் வெறும் மண்ணாகத் தெரியும்.

அந்த ஆள் இனிகோ. கடலரசி கால்பந்துக் கழகத்தின் கோல் கீப்பர், எமில்டாவின் புருஷன்.

எமில்டா கீழவைப்பாரில் பிறந்தவள். மாப்பிள்ளை தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகிறவர் என்று சொல்லித்தான் தூத்துக்குடிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பந்து பிடிக்கிற வியாதி உண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று சாயங்காலம் செமி பைனல். பந்தியில் பாதி பேர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாப்பிள்ளை கோட்டைக் கழற்றித் தங்கச்சி பிளாரன்ஸ் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது முழங்கால் கிழிந்திருந்தது. புதுப்பொண்ணு புருஷனுக்குச் செய்த முதல் காரியம் குசினியில் வெந்நீர் வைத்து அந்தக் காலைக் கழுவியதுதான். "செயிச்சியளா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் சிரித்ததிலிருந்து தோற்றுவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டாள்.

பிறகு ஒரு பயணத்தில் தோணி முழுகியது. மூன்று பேர் கரை சேர்ந்தார்கள். இனிகோ சேரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. கோயிலில் துக்க மணி அடித்தது, பூசை நடந்தது, கல்லறைத் தோட்டத்துக்குப் போகத்தான் காரியம் இல்லாமல் போயிற்று. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரியும் பூவுமாகப் போகும். எமில்டா எங்கே போய் ஏற்றுவாள்?

கடற்கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அந்த வருஷம்தான் மைதானத்துக்கு வந்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிளாரன்ஸ் ஒரு நாள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள், அண்ணன் பெண்டாட்டியைப் பார்த்தாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்துவிட்டாள். பின்னாலேயே அதே தெருக்காரிகள் ஜெஸ்லினும் சந்தனச்செல்வியும். காலையில் மீன், சாயங்காலம் பந்து. பையன்கள் விழுந்து எழுந்தால் சட்டையில் செதில் ஒட்டியிருக்கும். வெளியூர் ஆட்டங்களில் கடலரசிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, கருவாட்டு டீம். கடலரசி ஆள் பக்கத்தில் வந்தாலே மூக்கைப் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் கடலரசி ஒரு கோல் போட்டுவிடுவதும் உண்டு.

கழகத்தைக் காப்பாற்றியதும் அந்த நாற்றம்தான்.

கண்டெய்னர் லாரிகள் நிறுத்த இடம் தேடிய ஒரு கம்பெனி, மைதானம் யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடக்கிறது என்று சொல்லி அளக்க ஆள் கூட்டி வந்தது. மைதானம் போனால் கழகமும் போச்சு. கழகத்துக்கு என்று வேறு என்ன இருந்தது, ஒரு தகரப் பெட்டியும் ரெண்டு பந்தும். பையன்கள் கோஷம் போட்டார்கள், தொண்டை கட்டியது. எமில்டா கோஷம் போடவில்லை. நாலு பெண்களும் சேர்ந்து தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கடனுக்கு மீன் வாங்கி, இந்தக் கோல் தொடங்கி அந்தக் கோல் வரைக்கும் விரித்துவிட்டார்கள். சும்மா கிடக்கிற இடமா இது, வந்து பாருங்கள் என்று.

அளக்க வந்தவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை. மறுநாள் மழை பிடித்தது. மழை என்றால் கருவாட்டுக்காரி சோற்றுத்தட்டைப் போட்டுவிட்டு ஓடுவாள், மீனை அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடுவாள். அன்றைக்கும் ஓடிப் போனார்கள்.

"அள்ளாதிய," என்றாள் எமில்டா. மழையில் நனைந்துகொண்டு நின்றாள்.

"கிறுக்கா புடிச்சிருக்கு மைனி? பூரா அழுவிப் போவும்!" என்றாள் பிளாரன்ஸ்.

"அள்ளுனா எடம் வெறிச்சுனு ஆயிரும்ளா. அவனுவ வண்டியக் கொண்டாந்து நிறுத்திருவானுவ. அழுவட்டும்."

அழுகியது. எப்பேர்ப்பட்ட நாற்றம் என்றால், அளக்க வந்தவர்களில் ஒருவர் ஜீப்பை விட்டு இறங்கி, லேஞ்சித் துணியை மூக்கில் வைத்து, எடுத்து, ஜீப்புக்குப் பின்னால் போய்க் காலையில் சாப்பிட்ட இட்லியைத் திருப்பிக் கொடுத்தார். பெண்கள் மட்டும் அதற்கு நடுவிலேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள், முறை வைத்து, நாள் தவறாமல். கம்பெனி கடைசியில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாலு வீட்டிலும் புதுத்துணி இல்லை. அதை யாரும் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. கடலரசி இப்போது பெரிய டீம். ஜெர்சியில் விளம்பரம் உண்டு, வாட்ஸப்பில் குரூப் உண்டு. போன மாதம் செயலாளர் ஜாய்சனும், கேப்டனும் கோல் கீப்பருமான பெவினும் எமில்டா வீட்டுக்கு வந்தார்கள். ஜாய்சன் ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்ப்பவர், நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் செய்கிற தப்பைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம்.

"எமில்டாக்கா, கிரவுண்டச் சுத்திச் செவரு கட்டுதோம்," என்றார் ஜாய்சன். "வாசலுக்கு ஒங்க பேர்தான். எமில்டா வாசல். இரும்புக் கதவுல எழுத்த வெட்டி வச்சிப் பத்த வைக்கோம். அழியவே செய்யாது."

"நான் மட்டுமா இருந்தேன் தம்பி? பிளாரன்ஸு, ஜெஸ்லினு, செல்வி?"

"நாலு பேரையும் போட்டா எழுத்து சின்னதாயிரும்க்கா. ரோட்டுல போறவனுக்குத் தெரியாது."

"செவரு வந்தா மீன எங்கன காயப்போட?"

ஜாய்சன் செருமினார். "புல்லு போடப் போறோம்லாக்கா. வேற எடம் பாத்துத் தாரோம். பள்ளம் மேடெல்லாம் செம்மண்ணு அடிச்சு நெரப்பி, சமப்படுத்தி, அப்படியே டிவியில வார கிரவுண்டு மாதிரி ஆயிரும். நீங்கதான் வந்து தொறக்கணும்."

பள்ளமெல்லாம் நிரப்பி. எமில்டா காதில் அது மட்டும்தான் விழுந்தது. காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். அவர்கள் குடித்தார்கள்.

தெருவில் சும்மா விடுவார்களா? "வாசக்காரி வாரா, ஒதுங்குங்க," என்றாள் ஜெஸ்லின் குழாயடியில். "இனும நாம மீன் விக்கணும்னாலும் அவ கதவத் தட்டிட்டுத்தான் போவணும்."

எமில்டா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளியூர் டீமோடு ஓர் ஆட்டமும் உண்டு. புல் இன்னும் வரவில்லை, சுவரும் கதவும் வந்துவிட்டன. வடக்குக் கோலுக்குப் பக்கத்தில் செம்மண் குவித்திருந்தது. நாளைக்கு டிராக்டர் வரும். கொடி, பந்தல், மைக், பொன்னாடை எல்லாம் தயார். பொன்னாடை வெயிலுக்கும் ஆகாது, குளிருக்கும் ஆகாது. ஆனாலும் அது இல்லாமல் நம் ஊரில் யாரையும் மதித்ததாகக் கணக்கில்லை.

எமில்டா பூசைக்குக் கட்டுகிற சேலையில் வந்தாள். தலையில் நெத்திலிப் பெட்டி. பின்னால் மூன்று பெண்கள், அவர்கள் தலையிலும் பெட்டி. ஜெஸ்லின் கூட வந்திருந்தாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு.

வாசலில் காவலுக்குப் போட்டிருந்த சுடலைக்கண்ணன் எழுந்து கும்பிட்டார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "நீங்க போலாம் தாயி. பெட்டி உள்ள போவக் கூடாதுன்னு செக்ரட்டரி சொல்லியிருக்காவ."

"சரி அண்ணாச்சி," என்று எமில்டா பெட்டியை இறக்கினாள். தன் பெயர் எழுதிய கதவுக்கு வெளியே, அந்தப் பெயரின் நிழலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே மைக் அவளைக் கூப்பிட்டது. ஒரு தடவை, இன்னொரு தடவை. ஜாய்சன் பொன்னாடையோடு ஓடி வந்தார், பின்னால் பெவினும் டீமும்.

"என்னக்கா இது! விருந்தாளியெல்லாம் காத்துக் கெடக்காவ."

"எம்பேரு கதவுல இருக்குல்லா தம்பி, அது போதும். நான் இங்கன இருக்கேன்."

"மீனுக்குத்தான் வேற எடம் தாரோம்னு சொன்னம்லா."

"மீனு எங்கனயும் காயும்." எமில்டா தலை நிமிரவில்லை. "அந்தப் பள்ளத்த நெரப்பாதிய. அது இனிகோ நின்ன எடம். அவருக்கு வேற குழி கெடையாது தம்பி."

பிளாரன்ஸ் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஜாய்சன் பொன்னாடையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

பெவின் கையுறையைக் கழற்றினான். "மாமி, நான் அதுலதான நிக்கேன், தெனமும். நீங்க மீன் போடாம விடுறது கோல் கீப்பருக்கு வழுக்கக் கூடாதுன்னுலா நெனச்சேன்."

"அதுவுந்தான்," என்றாள் எமில்டா.

பெவின் கதவை ஏற இறங்கப் பார்த்தான். கம்பி கம்பியாக நல்ல அகலமான கதவு. திடீரென்று அவன் முகம் மாறியது. "ஏலே, ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்கல. கீல்ல இருந்து கதவக் கழத்தித் தூக்குங்க."

"ஏலே, ஏலே! நேத்துதாம்ல பெயின்ட் அடிச்சது!" என்று ஜாய்சன் கத்தினார். கத்தினாரே தவிரத் தடுக்கவில்லை. ஒரு ஓரம் சரிந்தபோது அவரும் ஒரு கை கொடுத்தார். சுடலைக்கண்ணன் காவல் காக்கக் கதவில்லாமல் நின்றார்.

வடக்குக் கோலுக்குப் பின்னால், செங்கல் அடுக்கி, அதன்மேல் கதவைப் படுக்க வைத்தார்கள். பழைய கோல் வலையை அதன்மேல் விரித்தார்கள். மண் ஒட்டாமல் மீன் காய அதைவிட நல்ல மேடை கிடையாது. நாலு பெண்களும் பெட்டிகளைக் கவிழ்த்து நெத்திலியைப் பரப்பினார்கள்.

"எங்க பேரு எங்கல?" என்றாள் ஜெஸ்லின் பெவினிடம்.

"மீனுக்கடியில யாரு பேரு தெரியப்போவுது சித்தி?"

ஜெஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எமில்டாவின் பெயர் நெத்திலிக்கு அடியில் போயிற்று. அவளேதான் அதன்மேல் ஒரு கை அதிகமாக அள்ளிப் போட்டாள். காக்காய் இறங்கியது. ஜாய்சன் கையில் இருந்த பொன்னாடையைப் பார்த்தார், பிறகு அதைக் கோல் கம்பத்தில் கட்டிவிட்டார். காற்றில் அது பளபளவென்று அடிக்க, காக்காய் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

டிராக்டர்காரருக்கு ஜாய்சன் அங்கேயே போன் போட்டார். "நாளைக்கு மண்ண வாரிட்டுப் போயிருங்க அண்ணாச்சி. ஆமா, திருப்பித்தான்."

ஆட்டம் தொடங்கியது. பெவின் பள்ளத்துக்குள் இறங்குமுன் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். எமில்டா பந்தைப் பார்க்கவில்லை. அந்தக் கால்கள் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பந்து கோலைத் தாண்டி வந்து மேடைக்கடியில் உருண்டது. அவள் எடுத்து வீசினாள். அதை வாங்கிய எதிர் டீம்காரன் மூக்கைப் பிடித்தான்.