தையல் இல்லாத சீட்

தவமணி மிஸ் போய்விட்டார் என்று அவருடைய மகள் துர்கா போன் பண்ணியபோது, நான் கடையில் ஒரு ஆட்டோவின் பின் சீட்டுக்கு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தேன். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு கதிரையில் சாய்ந்தவர் எழும்பவே இல்லையாம். என் கையில் கத்தரிக்கோல் பாதி வெட்டில் நின்றுவிட்டது. கடை முதலாளி ரஹீம் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கேட்டார். போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். "நீங்க போங்க புள்ள. ஆட்டோக்காரன் நாளைக்கி வரட்டும்" என்றார்.

இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு எடுத்துவிட்டவர் மிஸ்தான். ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டங்களில் அவ்வளவு காலம் மிட்வைஃபாக இருந்தவர். உங்கள் பிள்ளைகள் பிறந்த கதைகளை நீங்கள் சொல்வீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுதத் தெரிந்தது அவருடைய சைக்கிள் சீட் கதை ஒன்றுதான். அதில் மிஸ் முழுசாக இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பெட்ரோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருசம் அது. மிஸ்ஸின் ஸ்கூட்டர் வீட்டில் படுத்துவிட்டது. ஜப்பானிலிருந்து கொண்டெய்னரில் வருகிற பழைய சாமான் யார்டில் ஒரு ரேஸ் சைக்கிளை வாங்கினார். ஹேண்டில் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்தது. அந்த மலையில் ஏற்றத்துக்குத் தள்ளிக்கொண்டும் இறக்கத்துக்கு ஓட்டிக்கொண்டும் கிளினிக் போனார். பெட்ரோல் திரும்பி வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. ஐம்பத்தேழு வயதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தலாத்துஓயா வீட்டிலிருந்து கிளம்பி எங்கெங்கோ போவார். திருகோணமலை வரைக்கும் ஓட்டிப்போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் வழியில் முதலில் வருகிற மாத்தளையைத் தாண்டவே முடியவில்லை. அதற்குள் உட்கார முடியாமல் போய்விடும்.

நான் வேலை செய்கிற குஷன் கடை கண்டியில் குட்செட் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம். ஒரு சனிக்கிழமை மிஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாரு இங்க சீட்டு தைக்கிறது?"

"நான்தான் மிஸ்."

"நல்லதாப் போச்சு, பொம்பளை. சைக்கிள் கடையில சொன்னா, பழகப் பழகச் சரியாயிடும்னு சொல்றான். எத்தனை மாசம் பழகணும், பத்து மாசமான்னு கேட்டேன். ஓடிப்போயிட்டான்."

எங்கே வலிக்கிறது என்று நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். மிஸ் தாழ்த்தவில்லை. எந்த இடம், எப்படி வலி, எத்தனையாவது மைலில் தொடங்குகிறது, எங்கே மரத்துப்போகிறது என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொன்னார். ரஹீம் நானா அந்த நேரம் பார்த்து நூல் வாங்கக் கிளம்பிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மிஸ் சிரித்தார். "வலியை ஒளிச்சு வச்சா பிள்ளையும் வெளிய வராது, சீட்டும் சரி வராது. நல்லாக் கேட்டுக்க."

அப்புறம்தான் அவசரம் என்னவென்று சொன்னார். இந்த வயதில் எங்கேயாவது விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று துர்காவுக்குப் பயம். சைக்கிளை வாங்கிக்கொள்ள கம்பளையில் ஒரு ஆளையே பிடித்து வைத்திருந்தாள். மிஸ் இரண்டு மாசம் தவணை கேட்டிருந்தார். அதற்குள் திருகோணமலை போய்ச் சேராவிட்டால் அவரே விற்றுவிடுவதாகப் பேச்சு.

நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். குஷன்காரிக்கு வலி என்றால் பஞ்சு. மூன்று அங்குலத்துக்குப் பஞ்சு வைத்து, சிவப்பு ரெக்சின் போட்டு, நடுவில் மஞ்சள் பைப்பிங் ஓட்டி, ஆட்டோ சீட்டையே சின்னதாக்கின மாதிரி தைத்துக் கொடுத்தேன். எனக்கு அவ்வளவு பெருமை. மிஸ் அழுத்திப் பார்த்து, "ராணி மாதிரி போவேன்" என்றார். அடுத்த நாள் மாத்தளையிலிருந்து ராணி மரக்கறி லொறியில் திரும்பி வந்தார், முட்டைக்கோவா மூட்டைகளுக்கு மேல் சைக்கிளைப் போட்டுக்கொண்டு.

"செல்வி, நீ மெத்தை தைச்சிட்ட. நான் தூங்கவா போறேன்?" என்றார், மறுநாள் காலை கடைக்கு வந்து. பிறகு தன் இரண்டு கையையும் முட்டியாக மடக்கி அந்த சீட்டில் வைத்து அழுத்திக் காட்டினார். முட்டிகள் பஞ்சுக்குள் இறங்கின. நடுவில் பஞ்சு புடைத்து மேலே வந்தது. "பாத்தியா? எலும்பு ரெண்டும் முங்கிப்போகுது. முங்கினதும் நடுவுல இருக்கிறது எழும்பி வந்து குத்துது. உட்காரவேண்டியது எலும்பு. சதை இல்ல." எத்தனையோ பெண்களின் இடுப்பைத் தடவிப் பார்த்த கை அது. நான் இத்தனை வருசம் சீட்டு தைத்தும், உட்காருகிறவர்களுக்கு எலும்பு இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த எலும்பு இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரிய வேண்டும். டேப்பை வைத்து அளக்க முடியாத இடம். கடையில் பத்து மணி ரொட்டிக்கு நான் மா பிசைந்து வைத்திருந்தேன். மிஸ்ஸின் கண் அதில் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மிஸ், அது சாப்பிடுற மா!"

"பொலித்தீனைச் சுத்து. மாவுக்கு என்ன தெரியப்போகுது?"

வெட்டுகிற அறைக் கதவைச் சாத்தினோம். மாவைத் தட்டையாக்கி இரண்டு பக்கமும் பொலித்தீன் சுற்றி ஸ்டூலில் வைத்தேன். மிஸ் அதில் ஏறி உட்கார்ந்து, ஹேண்டில் பிடித்த மாதிரி முன்னால் குனிந்து, ஐம்பது வரைக்கும் எண்ணினார். எழும்பினபோது மாவில் இரண்டு பள்ளம். நடுவுக்கு நடு ஐந்தரை அங்குலம். ஜப்பான் சீட்டின் முழு அகலமே ஐந்து அங்குலம்தான். இவ்வளவு நாளும் மிஸ்ஸின் எலும்பு இரண்டும் சீட்டுக்கு வெளியே தொங்கியிருக்கிறது, சதை பாரம் தூக்கியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பள்ளங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் விழுந்துவிட்டது.

மாவை வீணாக்க முடியுமா, அன்றைக்கு இருந்த விலையில்? ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். ரஹீம் நானா இரண்டாவது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "என்னத்த புள்ள செஞ்சீங்க? இன்டெக்கி ரொட்டி மெத்துன்னு ஈக்குதே!" என்றார். மிஸ் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். இது நானாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும். நானா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அளவு கிடைத்ததும் யார்டுக்குப் போனோம். ஒரு மூலையில் கழற்றிப்போட்ட சீட்டுகள் குவிந்து கிடந்தன. மிஸ் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மரப்பெட்டி மேல் வைத்து உட்கார்ந்து பார்த்தார். யார்டுக்காரர்கள் வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். "மிஸ், பாத்தா போதாதா?" என்றான் ஒருவன். "சட்டையவே போட்டுப் பாத்துத்தானே வாங்குற?" என்றார். ரொம்ப அகலமானது தொடையில் உரசியது. கடைசியில் ஆறேகால் அங்குலத்தில் ஒன்று கிடைத்தது. அதன் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டினேன், மென்மையான இடத்தில் ஒன்றும் படாமல் இருக்க. பஞ்சு வைக்கவில்லை. பழைய பஸ் சீட்டின் கெட்டி ரப்பரை அரை அங்குலத்துக்குச் சீவி ஒட்டினேன்.

மேலே போடும் துணிக்குத்தான் சண்டை வந்தது. நடுவில் ஒரு தையல் ஓட்டினால்தான் அழகு என்றேன். "அந்தத் தையல் எங்க வந்து உரசும்னு நான் சொல்லவா?" என்றார் மிஸ். வேண்டாம் என்றேன். ஒரே துண்டு ரெக்சினைச் சூடு காட்டி, இழுத்து, அடிப்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்தேன். என் தையல் ஒன்றுகூட இல்லாத அந்த சீட்தான் நான் இதுவரை செய்ததிலேயே நல்ல சீட். சீட் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, மிஸ் ஒரு போத்தலில் பாதித் தண்ணீர் ஊற்றி அதை சீட் மேல் படுக்க வைத்தார். மூக்குப் பக்கம் கொஞ்சம் தூக்கியிருந்தது. இறக்கினோம்.

தவணை முடிய நான்கு நாள் இருக்கும்போது மிஸ் கிளம்பினார். முதல் நாள் மத்தியானம் மாத்தளையிலிருந்து போன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துர்கா எனக்கு மூன்று தடவை போன் எடுத்தாள். "ஆன்ட்டி, உங்க சீட்ட நம்பித்தான் விட்டேன்" என்றாள். எனக்கு அன்று ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. இருட்டும் நேரம் மாத்தளைக்கு அப்பால் ஹபரணையில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. அடுத்த நாள் மத்தியானம் மிஸ்ஸே போன் எடுத்தார். காற்றில் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"செல்வி, கடல் தெரியுது!"

"வலிக்குதா மிஸ்?"

"முழங்கால் வலிக்குது, கழுத்து வலிக்குது, கை மரத்துப்போச்சு. நீ கேக்குற இடம் மட்டும் வலிக்கல!"

திரும்பி வந்ததும் துர்காவே கம்பளை ஆளுக்குப் போன் பண்ணி, சைக்கிள் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். மிஸ் அதன் பிறகு போன ஊர்களை நான் எண்ணவில்லை. அவர் பேச்சைக் கேட்டு இப்போது பெண்கள் ஐந்தாறு பேர் சீட்டுக்கு வருகிறார்கள்.

இப்போது சைக்கிளைத் துர்கா ஓட்டப் போகிறாள். அம்மாவின் சீட் அவளுக்கு ஒத்துவரவில்லை. அவளுடைய அளவுக்கு வேறு செய்து மாட்டினேன். கழற்றிய சீட்டை என்ன செய்வது என்று கேட்டாள். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். ரெக்சின் இரண்டு இடத்தில் மினுமினுத்துத் தேய்ந்திருக்கிறது, ஐந்தரை அங்குல இடைவெளியில்.

போன கிழமை ஒரு நாள் கடையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், அதை ஒரு மரப்பெட்டி மேல் வைத்து ஏறி உட்கார்ந்து பார்த்தேன். என் எலும்பு அந்த இடங்களில் போய் விழவில்லை. எனக்கு வலித்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.