நாகமரைத் தண்ணீர்க்கரையில் என் மூன்று வெட்டு

யுத்தம் முடிந்த மறு வருஷம், சித்திரைக் கடைசியில் போனேன். போனதற்குக் காரணம் ஒரு கேலி. சேலத்தில் படம் பிடிக்கும் பழக்கமுள்ள சிலர் கூடி ஒரு கண்காட்சி வைப்பதாகவும், ‘அலையும் கரையும்’ என்று தலைப்புக் கொடுத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். என் பிலிம் சுருளைக் கழுவிக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரரிடம் நானும் ஒரு படம் தரலாமா என்று கேட்டேன். அவர் என் பெட்டிக் கேமராவைப் பார்த்தார். புளிக்கறை போகாத என் விரல்களைப் பார்த்தார்.

“நாங்கள்லாம் கடலூருக்கு ரயில் ஏறப் போறோங்க. நீங்க அலைக்கு எங்க போவீங்க? புளியைக் கரைச்சுப் பானையில காட்டுவீங்களா?”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சரி, அலை காட்டுகிறேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எனக்குப் பாப்பாரப்பட்டியில் புளி மண்டி. தலைச்சுமையாக விற்று ஆரம்பித்தவன். கேமரா, ஊர் திரும்பிய ஒரு பட்டாளத்துக்காரரிடம் பேரம் பேசி வாங்கியது. ஒரு சுருளில் எட்டுப் படம் வரும். சுருள் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த நேரம், அதனால் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அலைக்கு எங்கே போவது என்பது எனக்குத் தெரியும். மேட்டூரில் அணை கட்டித் தண்ணீர் தேக்கியதிலிருந்து நாகமரைப் பக்கம் காவேரி கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. காற்று பிடித்தால் அலை வந்து கரையில் அடிக்கும். கடலூரில் உப்பு உண்டு, இங்கே இல்லை. படத்தில் உப்பு தெரியுமா என்ன?

பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரத்துக்குக் காலை ஆறு மணி பஸ், ஐந்தணா. கரி எரித்து ஓட்டும் வண்டி. மேட்டில் மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளத்தான் வேண்டும். வெள்ளை வேட்டி கட்டிப் போகாதீர்கள். பென்னாகரத்தில் ஒரு மாட்டு வண்டி பேசினேன், போக வர மூன்று ரூபாய், மாட்டுத் தீனி நம் செலவு. வண்டிக்காரர் பெயர் சின்னான்.

“போட்டோ புடிக்கவா இம்புட்டுத் தூரம் வர்றீங்க மொதலாளி? புளி பாக்கத்தான்னு நெனச்சேன்.”

“புளி வாங்கினா லாபம் வரும் சின்னான். இது லாபமில்லாத வேலை.”

“அப்ப உடம்புக்கு ஏதாச்சும் செரியில்லீங்களா?” என்றார், நிஜமான கவலையோடு.

ஏரியூரில் இரவு தங்கி, விடியற்காலையில் கிளம்பிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கோடையில் தண்ணீர் அரை மைல் பின்வாங்கியிருந்தது. வெடித்த வண்டல் மண்ணுக்கு அப்பால் நீலமாகத் தண்ணீர், அதன் மேல் வெள்ளை வெள்ளையாக அலை. கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே, பன்னிரண்டு வருஷம் முன்பு முழுகிப்போன ஊரின் மிச்சங்கள். வண்டலுக்கு மேல் இடுப்பு உயரம் மிஞ்சிய ஒரு புளியமரக் கட்டை, பட்டையெல்லாம் போய்க் கறுப்பாக நின்றது. அதை முன்னால் வைத்துப் பின்னால் அலையை எடுத்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று குனிந்தேன். கட்டையில் சாய்வாக மூன்று வெட்டு.

அது என் குறி. காய் மரத்தில் இருக்கும்போதே மரத்தைக் குத்தகை பேசி, அரிவாளால் குறி போட்டு வைப்பது புளி வியாபாரிகள் வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு குறி உண்டு. முழுகிய அந்த ஊரில் நான் எடுத்தது ஒரே ஒரு மரம்தான். சந்தோஷத்தில், படத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து மூன்று வெட்டிலும் தேய்த்தேன். இப்படி ஒரு புத்தி புளி வியாபாரி கேமரா பிடித்தால்தான் வரும்.

முதுகுக்குப் பின்னால் சத்தம். ஒரு ஜோடி ஏர் மாட்டுக்குக் குறுக்கே ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார், சுற்றிலும் ஊர் நாட்டாமையும் ஒரு கூட்டமும். பெயர் மாதம்மாள், புருஷன் இல்லாதவர். அவருடைய ஏர் சற்றுத் தள்ளிப் பூட்டி நின்றது. குறுக்கே மறித்த மாடு யாருடையது என்று பார்த்தால், எனக்குத் தெரிந்தவர். வருஷா வருஷம் என் மண்டிக்கு இருபது வண்டிப் புளி போடும் பெரிய நிலக்காரர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது: தண்ணீர் இறங்கியதும் முழுகிய ஊர்க்காரர்கள் வந்து, அவரவர் பழைய காட்டில் எள் விதைப்பார்கள். சர்க்கார் நிலம்தான், பட்டா கிடையாது. வாய் வார்த்தைதான் எல்லை. அந்த எல்லைதான் வண்டலில் மூடிப்போய் இருந்தது.

“என் மாமனாரு வெச்ச புளியமரமுங்க இது. இது வரைக்கும் எங்க காடு” என்றார் மாதம்மாள், நாட்டாமையைப் பார்த்து.

“கட்டையெல்லாம் ஒண்ணு மாதிரித்தான் இருக்குது. இது என் மரம்” என்றார் நிலக்காரர்.

நாட்டாமை தாடையைச் சொறிந்தார். “மாதம்மா வூட்டு மரத்தப் பாப்பாரப்பட்டிக்காரரு ஒருத்தரு குத்தகை எடுத்தது எனக்கு நெனப்பிருக்கு. அது இந்தக் கட்டைதானான்னு யாரு சொல்றது?”

“நான் சொல்றேங்க. அந்தப் பாப்பாரப்பட்டிக்காரன் நான்தான். இது என் வெட்டு” என்றேன்.

நிலக்காரர் கட்டையைச் சுற்றி வந்து விரலால் தொட்டார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. “பன்னெண்டு வருசத்துக் குறிக்கு ஈரம் காயல பாருங்க!” கூட்டம் சிரித்தது. மாதம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கெடுக்கவென்றே வந்த ஆள் என்று நினைத்திருப்பார்.

நிலக்காரர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “மண்டிக்காரரே, தை மாசம் என் புளி வேணுமா, வேண்டாமா?”

“புளி வேற மரத்துலயும் காய்க்குங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “குறி ரெண்டு இடத்துல போடுவோம். மேல போட்டதச் செதுக்கிட்டுத் தன் குறியப் போடுற ஆளுங்க உண்டு. அவங்களுக்காக வேர்மூட்டுல இன்னொண்ணு. கெழக்குப் பக்கம். தோண்டுங்க. இல்லன்னா நான் பொய்யன், இந்தக் கேமராவ இங்கயே ஒடச்சிட்டுப் போறேன்.”

மாதம்மாள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. அவரே மண்வெட்டியை எடுத்தார். ஒரு முழம் இறங்கியும் வெறும் வண்டல். “இன்னும் கீழ போனா காவேரி வந்துரும்” என்று யாரோ கேலி பேசினார்கள். அவர் நிறுத்தவில்லை. முக்கால் முழம் மேலும் போனபின் நாட்டாமை குழியில் இறங்கி, சேற்றை வழித்துவிட்டு, விரல்களை வைத்துப் பார்த்தார். மூன்று விரல், மூன்று வெட்டு.

“ஏரத் திருப்பிக்கங்க” என்றார் நிலக்காரரிடம். அவ்வளவுதான் தீர்ப்பு.

நான் கேமராவைத் தூக்கினேன். மாதம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். “என்ன மட்டும் புடிச்சா எங்கயோ நின்னேன்னு சொல்லிருவாங்க. கட்டை வரணும், குழி வரணும், என் ஏரு வரணும். தண்ணியும் வரட்டுங்க.” அவர் சொன்னபடியே எடுத்தேன். பின்னால் அலையும் விழுந்திருக்கிறது.

சேலத்தில் அந்தப் படத்தை மாட்டவில்லை. “ஒரு பொம்பளையும் ஒரு கட்டையும் இருக்குது, இதுல கடல் எங்கீங்க?” என்றார் ஸ்டூடியோக்காரர். பெரிதாகப் போட்டு என் மண்டி வாசலில் மாட்டினேன், சேலத்துக் கண்காட்சியைவிட இங்கே கூட்டம் அதிகம். தை மாதம் நிலக்காரரின் இருபது வண்டி வரவில்லை. இண்டூரிலும் மாரண்டஹள்ளியிலும் அலைந்து பதினான்கு வண்டி பிடித்தேன். மண்டியை மூடவில்லை.

நீங்கள் போவதானால் சித்திரையில் போங்கள். ஆடியில் குடகு மழைத் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அணைப் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள், காவலுண்டு. காலை ஒன்பதுக்குள் எடுத்துவிடுங்கள், பிறகு தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும். குடிக்கத் தண்ணீரும் கட்டுச்சோறும் கொண்டு போங்கள். எதிலும் சுண்ணாம்பு தேய்க்காதீர்கள்.

இந்தச் சித்திரையில் திரும்பவும் போனேன். கட்டையை வண்டல் பாதி விழுங்கியிருந்தது, மேல் குறி தெரியவில்லை. மாதம்மாளின் ஏர் அதை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் தோண்டிக் காட்டச் சொல்லவில்லை.