றோஸ்மலர் அக்கா நட்ட சம்பு

கடந்த செவ்வாய்க்கிழமை காலை சனசமூக நிலையத்தில் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, றோஸ்மலர் அக்காவின் கணவர் ஜெயசீலன் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, அக்கா மோசம் போட்டா” என்றார். அக்கா இறந்த செய்தியை நிலையத்துக் கரும்பலகையில் எழுதிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த அக்காவை மானிப்பாய்ப் பக்கத்தில் அறியாதவர் குறைவு. சந்தைக் கழிவு வாய்க்கால் வழுக்கையாற்றில் விழும் இடத்தில் சல்லியும் மணலும் பரப்பி, சம்பம்புல் நட்டு, அழுக்கு நீர் அதன் வேர்களுக்குள்ளால் மெல்ல ஊறித் தெளிந்து போக ஒரு பாத்தி அமைத்தவர் அவர்தான். “ஊத்தைத் தண்ணியைப் புல்லாலை கழுவப் போறாவாம்” என்று தேநீர்க்கடையில் சிரித்தோம். அக்கா கோபிக்கவில்லை. “ஆத்துக்கை விடுறது முழுக்க எங்கடை கிணத்துக்கைதான் வரும். சிரிச்சு முடிச்சிட்டு வந்து ஒரு கை பிடியுங்கோ” என்றார். போனோம். முழங்கால் சேற்றில் நின்று அவரும் எங்களோடு நட்டார். ஒரு மாரி கழிய, பாத்தியின் மறுமுனையில் வந்த நீரில் நாற்றமே இல்லை.

அடுத்த ஆண்டு மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்குப் பிடித்தால், கரவெட்டியிலும் இப்படியொன்று அமைக்கும் பொறுப்பை அக்காவிடம் கொடுப்பார்கள். அக்கா அப்போது மகளின் பிரசவத்துக்காகக் கொழும்பில் நின்றார். நிலையத்தின் செயலாளர் நான். பெரிய ஆட்கள் வரும் இடம் பற்றையாகக் கிடக்கலாமா? துப்பரவாக்க ஊராரைக் கூட்டிச் சிரமதானம் வைத்தேன். தயங்கியவர்களிடம் “அக்காதான் செய்யச் சொன்னவ” என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னேன். ஒரு காலைக்குள் சம்பு முழுவதையும் வேரோடு பிடுங்கி, சல்லியைக் கிளறிக் கூட்டி, கரைக்குச் சுண்ணாம்பும் அடித்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

மறுநாள் அக்கா பேருந்தால் இறங்கி நேரே அங்கே வந்தார். மதகில் குந்தினார். பிடுங்கிப் போட்ட சம்பு ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். “வடிவாத்தான் துப்பரவாக்கியிருக்கிறாய், தம்பி” என்றார்.

அதிகாரிகள் வந்தபோது கறுத்த நீர் வெறுஞ்சல்லிமேல் ஓடிக்கொண்டிருந்தது. யார் பிடுங்கியது என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அக்கா, “நான்தான் பிடுங்கச் சொன்னனான், சேர். திருப்பி நடுவம்” என்றார். வாய் திறப்பதற்குள் என்று எழுதுவதும் சரியில்லை. திறக்க நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை.

கரவெட்டி வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “உன்னைக் காட்டிக் குடுத்தால் நாளைக்கு ஆர் என்னோடை சேத்துக்கை இறங்குவினம்? போய்ப் புதுச் சம்பு கொண்டு வா” என்றார். மறுபடி நட்டோம்.

செத்தவீட்டில் அஞ்சலியுரை ஆற்றிய பெரியவர் ஒருவர், “அம்மையார் விட்டது ஒரேயொரு பிழைதான், அவசரப்பட்டு அந்தச் சம்பைப் பிடுங்குவித்தது” என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் ஜெயசீலன் அண்ணை தலை குனிந்து இருந்தார். அடுத்துப் பேசியவன் நான். உருக்கமாகப் பேசினேனாம், பலர் கையைப் பிடித்துச் சொன்னார்கள். இதை மட்டும் சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது, அவர் எனக்காகத் தன்மேல் போட்டுக்கொண்ட அந்தப் பழிதான். இத்தனை காலமும் அதன் மறைவில் நல்ல மனிதனாக நடமாடினேன். அண்ணை, பிள்ளைகள், அவரை அறிந்தவர்களே, சம்பைப் பிடுங்குவித்தவன் நான். அக்கா சொல்லவில்லை. பிடுங்கி முடியும்வரை அவருக்கு அது தெரியவே தெரியாது.