படைத்த பால்

பாரிஸ் லா சப்பலில் பாலச்சந்திரனின் பலகாரக் கடைக்குப் போகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் றோல்ஸைத்தான் பார்ப்பார்கள். அதைச் சுருட்டிப் பொரிக்கிற ஜெகதீஸ்வரியைப் பார்த்தவர்கள் குறைவு. கடைக்குப் பின்னால், ஒருவர் திரும்புவதென்றால் மற்றவர் வெளியே போகவேண்டிய குசினிக்குள், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றே அவளுடைய பாரிஸ் வாழ்க்கையின் பெரும்பகுதி போய்விட்டது. கழிப்பறை நிலக்கீழ் அறையில். படியிறங்கி ஏறினால் சட்டி கருகிவிடும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவள் அவள்.

பிடிவாதக்காரி என்று பெயர். செவ்ரானில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மின்தூக்கி பழுதானபோது, திருத்தி முடிக்கும்வரை அரிசி மூட்டையைத் தானே ஏழு மாடிக்கும் தூக்கிக்கொண்டு ஏறினாள். யாரிடமும் உதவி கேட்கவில்லை. தூக்கித் தரட்டுமா என்று கேட்டவர்களிடமும் மூட்டையைக் கொடுக்கவில்லை.

விரதங்களில் அவளுக்குக் கந்தசஷ்டிதான் பெரிது. ஆறு நாளும் பகலில் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. பொழுதுபட்டு, முருகன் படத்துக்கு முன்னால் வைத்துப் படைத்த பால் ஒரு டம்ளர், வாழைப்பழம் ஒன்று. அவ்வளவுதான். அந்த நாட்களிலும் ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரிப்பாள். உப்புப் பார்க்க மட்டும் கடையில் நிற்கும் சிவாஜினியைக் கூப்பிடுவாள்.

"அக்கா, சூரன் ஆறு நாள்தான் சண்டை பிடிச்சவன்" என்பான் பாலச்சந்திரன். "நீங்கள் என்ர எண்ணெய்ச் சட்டியோட வருசம் முழுக்கப் பிடிக்கிறியள். உங்களுக்கு இன்னும் விரதம் தேவையே?"

"உம்மட சம்பளத்துக்கு ஒவ்வொரு நாளும் விரதம்தான், தம்பி" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

மூன்று வருடமாக அந்த விரதம் மகன் லவனுக்காக. அவன் லில் நகரத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறான். லோறன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று அவன் வந்து சொன்னபோது, ஜெகதீஸ்வரி அடுப்பை அணைக்கக்கூட இல்லை. "கட்டு. உன்ர அம்மா செத்துப்போனா எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டுக் கட்டு" என்றாள். அவனும் தாயைப் போலவே. கட்டினான். அதன்பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. தகப்பன் மகேந்திரராசா மட்டும் மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே நின்று மகனோடு இரகசியமாகத் தொலைபேசியில் கதைப்பார். அது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள். சாபம் போட்ட வாயாலேயே அவன் வாசலில் வந்து நிற்கவேண்டும் என்று வருடா வருடம் முருகனையும் கேட்டாள்.

இந்த முறை சஷ்டி தொடங்குவதற்குச் சற்று முன்னால் சலம் போகும்போது எரியத் தொடங்கியது. பொறுத்தாள். பிறகு முதுகின் கீழே நாரி ஒரு பக்கமாக நொந்தது, காய்ச்சலும் வந்தது. மகேந்திரராசா இழுத்துக்கொண்டு போகாத குறையாக டொக்டரிடம் கூட்டிப்போனார். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கிறது என்று சொல்லி, சலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, டொக்டர் அன்ரிபயோட்டிக் குளிசை எழுதிக் கொடுத்தார்.

பாமசியில் நிற்கும் ஜெர்மேன் அவளுக்குப் பழக்கமானவள். கிழமைக்கு ஒரு தடவையாவது மரக்கறி றோல்ஸ் வாங்க வருவாள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னாள்: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சுகமாகிவிட்டாலும் இடையில் நிறுத்தக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். குளிசையைப் பாலோடு எடுக்கக்கூடாது, தயிரோடும் கூடாது. ஜெகதீஸ்வரிக்கு எல்லாம் விளங்கியது. "ஓம், ஓம்" என்றுவிட்டு, பிறகு ஞாபகம் வந்து "வுய், வுய்" என்றாள்.

அடுத்த நாள் சஷ்டி தொடங்கியது.

"இந்த முறை விடுங்கோவன் அக்கா" என்றாள் சிவாஜினி. "வருத்தக்காரர் பிடிக்கத் தேவையில்லை எண்டு ஐயரே சொல்லுறவர்."

"ஐயருக்கு என்ன, அவற்ற பிள்ளை வீட்டில இருக்கு. மூண்டு வருசம் பிடிச்சதை இப்ப விட்டால் அவ்வளவும் வீண்."

பகலில் தண்ணீரே கிடையாது என்றபின் காலைக் குளிசை எப்படிப் போகும்? அது போகவில்லை. மாலைக் குளிசை மட்டும் போனது. வேலையால் முதலில் வருகிற மகேந்திரராசாதான் பால் காய்ச்சிப் படத்துக்கு முன்னால் வைப்பார். அவள் வந்து, முகம் கழுவி, கற்பூரம் காட்டி, அந்தப் பாலோடு குளிசையை விழுங்குவாள்.

"பாலோட எடுக்கக்கூடாதெண்டு ஜெர்மேன் சொன்னவ எண்டெல்லே சொன்னீர்?" என்று முதல் நாளே அவர் கேட்டார்.

"அவ கடைப் பாலைச் சொன்னவ. படைச்சது பாலே? பிரசாதமெல்லே."

தான் வேலை செய்யும் உணவகக் குசினியில் பிரெஞ்சுச் சமையற்காரனின் வாய்க்கும், வீட்டில் இவளுடைய வாய்க்கும் இடையில் வாழ்ந்து, பேசாமல் இருப்பதில் கைதேர்ந்தவர் அவர். அடுத்த நாளும் பாலைக் காய்ச்சினார்.

இரவில் காய்ச்சல் குளிசை போட்டால் காய்ச்சல் இறங்கியது. அதைப் பார்த்துவிட்டு அன்ரிபயோட்டிக் குளிசைதான் வேலை செய்கிறது என்று அவள் முடிவு கட்டினாள். வேலைக்கும் போனாள். விரதத்தின் பாதியில் ஒரு நாள் மத்தியானம், கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நின்றபடியே அவளுக்கு நடுங்கத் தொடங்கியது. கையிலிருந்த அகப்பை சட்டியின் விளிம்பில் கடகடவென்று அடித்தது. சிவாஜினி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அவசர உதவிக்கும் வருகிற தீயணைப்புப் படைக்காரர்கள் வந்து, றோல்ஸ் வாங்க வரிசையில் நின்ற சனங்களுக்கு நடுவால் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிடத்திக் கொண்டுபோகும்போதும் அவள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆசுப்பத்திரியில் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காலை ஒரு பெண் டொக்டர் வந்தாள். மகேந்திரராசாவின் குசினிப் பிரெஞ்சுதான் மொழிபெயர்ப்பு.

"குளிசையை எப்பிடி எடுத்தனீர் எண்டு கேக்கிறா."

"காலமையும் பின்னேரமும் எண்டு சொல்லுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். "பால்..."

"வாயைத் திறக்காதேங்கோ. கும்பிடப்போய்ச் சாகப் பார்த்தவள் எண்டு வெள்ளைக்காரர் சிரிக்கிறதுக்கோ?"

அவர் டொக்டரைப் பார்த்து, காலை, மாலை, ஓம் என்றார்.

டொக்டர் நெற்றியைச் சுருக்கினாள். பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. இந்தக் கிருமி இந்தக் குளிசைக்குச் சாகிற கிருமி. ஒழுங்காகக் குடித்தும் சாகவில்லையென்றால், சிறுநீரகத்துக்குள் எங்கோ சீழ் கட்டி, மருந்து போய்ச் சேராத இடத்தில் ஒளிந்திருக்கிறது. நாளைக்கு ஸ்கான் எடுத்துப் பார்ப்போம். தேவையென்றால் முதுகால் குழாய் வைத்துச் சீழை எடுக்கவேண்டி வரும்.

குழாய் என்ற சொல் மகேந்திரராசாவுக்கு நன்றாக விளங்கியது. அவர் வெளியே போய்த் தொலைபேசியை எடுத்தார்.

அன்று பின்னேரமே லவன் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். தாடி வைத்திருந்தான், சற்று மெலிந்திருந்தான். ஜெகதீஸ்வரி எழும்பி உட்காரப் பார்த்தாள். முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். விரதம் முடியவேயில்லை, அதற்குள் பிள்ளை வந்துவிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தாள்.

அவன் அவளுடைய நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தான். தொடாமல் கிடந்த மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தான்.

"அப்பா, இப்ப சஷ்டியோ?"

மகேந்திரராசா நிலத்தைப் பார்த்தார்.

"குளிசையை எதோட எடுத்தவ? பாலோடயோ?"

"உனக்கு என்னத்துக்கு அது?" என்றாள் ஜெகதீஸ்வரி. "மூண்டு வருசமா எங்கையிருந்தனி? இப்ப வந்து விசாரணை வைக்கிறியோ?"

"அம்மா, ஓமோ இல்லையோ?"

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவனுக்கு அது போதும். பத்து வயதுவரை ஒவ்வொரு சஷ்டிக்கும் அந்தப் பால் டம்ளரின் அடியில் கிடக்கிற மிச்சத்துக்காகக் காத்திருந்த பிள்ளை அவன். வெளியே போனான். திறந்திருந்த கதவால் அவன் டொக்டரோடு கதைப்பது கேட்டது. "லே" என்றால் பால் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றதும் விளங்கியது. டொக்டர் கையை நெற்றியில் வைத்தது தெரிந்தது.

டொக்டர் உள்ளே வந்து, ஏசாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். லவன் தமிழாக்கினான்.

"பால்ல இருக்கிற கல்சியம் இந்தக் குளிசையை வயித்துக்கையே பிடிச்சு வைச்சிருமாம். இரத்தத்துக்குப் போக விடாதாம். நீங்கள் எடுத்ததே அரைவாசி. அதிலயும் உள்ளுக்குப் போனது கொஞ்சம். அரைகுறையா மருந்து பட்டால் கிருமி சாகாது. பழகிப்போய், பிறகு இந்த மருந்துக்கே அடங்காமலும் போகலாமாம்."

"எங்கட முருகன்ர பாலைப் பற்றி உவவுக்கு என்ன தெரியும்?"

"முருகனைப் பற்றி அவ ஒண்டும் சொல்லேல்லை அம்மா. மருந்தைப் பற்றித்தான் சொல்லுறா."

டொக்டர் போனபின் அவள் மகனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். "வந்தும் வராததுமா என்னை விசரியாக்கிப்போட்டாய். உன்ர அப்பா மறைச்சுக் காப்பாற்றினதை நீ கொண்டுபோய் டொக்டரிட்டச் சொல்லிப்போட்டாய். லோறன்ஸ் சொல்லித்தந்தவளோ?"

லவன் சன்னலால் கீழே பார்த்தான். "லோறன்ஸ் கீழ நிக்கிறா, பூவோட. மேல வரட்டோ எண்டு கேட்டவ."

அவளுக்கு ஓம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள். அவன் காத்திருந்தான். பிறகு மேற்சட்டையின் சிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். பூவை மகேந்திரராசா கொண்டுவந்தார். அதைப் பக்கத்துக் கட்டில் மனிசியின் மேசையில் வைக்கச் சொன்னாள்.

சூரன்போர் நாளில் மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்கானில் சீழ் இல்லை, குழாயும் தேவைப்படவில்லை. காய்ச்சல் விட்டது. ஒரு பக்கச் சிறுநீரகத்தில் தழும்பு விழக்கூடும், பிறகு வந்து காட்டவேண்டும் என்று சொல்லி, மிச்ச நாளுக்கு அதே குளிசையைக் கொடுத்துவிட்டார்கள்.

அது முடியுமுன்னரே அவள் சட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பாருங்கோ அக்கா, விரதம் வீண்போகேல்லை" என்றாள் சிவாஜினி. "முருகன் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவரெல்லோ."

"ஓம். கொண்டுவந்து காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டுபோயிட்டார்."

பாலச்சந்திரன் பால்தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். "என்னக்கா, திரும்பவும் விரதமோ?" என்றான்.

பொழுதுபடுகிற நேரம் மகேந்திரராசா அவளைக் கூட்டிப்போக வந்தார். குசினி வாசலில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார். இந்த முறை பாலத்துக்குக் கீழே ஒளிக்கவில்லை.

"என்னவாம்?" என்றாள், மாவைப் பிசைந்துகொண்டே.

"குளிசையைத் தண்ணியோடதான் எடுக்கிறவவோ எண்டு கேக்கிறான். என்ன சொல்ல?"

"அவன்ர அம்மா செத்துப்போனா எண்டு சொல்லுங்கோ."

அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தார். ஜெகதீஸ்வரி மாக்கையைத் துடைத்தாள். பையிலிருந்து குளிசையை எடுத்து வாயில் போட்டு, குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து முழுவதையும் குடித்தாள். இன்னொரு டம்ளரும் பிடித்துக் குடித்தாள். பிறகு படியிறங்கி நிலக்கீழ் அறைக்குப் போனாள். சட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமும் சொல்லவில்லை.